சுமை ஏறினால்தான் தெரியும்

மழைக்காலத்தில் காட்டோடையைக் கடந்து அக்கரை ஏறிய பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். இன்ஜின் சுற்றவில்லை. ஹெட்லைட்டைப் போட்டால் பளிச்சென்று எரிகிறது. ஹார்ன் ஊரைக் கூட்டுகிறது. சுற்றி நிற்பவர்கள் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: “பேட்டரி நல்லாத்தான் இருக்கு. செல்ஃப் மோட்டார் போயிடுச்சு.” வண்டியைக் கட்டி இழுத்து வந்து, சில ஆயிரம் செலவழித்துப் புது செல்ஃப் மோட்டார் மாட்டுகிறார்கள். சாவியைத் திருப்பினால் மறுபடியும் அதே ‘டக்’.

இந்தக் கதை எந்த மலையடிவார ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கக் கிடைக்கும். தவறு நடந்த இடம் ‘லைட் எரிகிறது, ஆகவே கரன்ட் வருகிறது’ என்ற முடிவில். லைட்டுக்குப் போதுமான பாதை செல்ஃப் மோட்டாருக்குப் போதாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் போல்ட் போட்டு முறுக்கப்பட்ட இடத்தில் துரு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துரு சேர்க்கும் மின்தடை 0.02 ஓம். இரண்டு ஹெட்லைட் பல்புகளும் சேர்ந்து 110 வாட், அதாவது சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 9-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.18 வோல்ட். 12 வோல்ட்டில் இது குறைந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பெட்ரோல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரோ 150 ஆம்பியர் கேட்கிறது. 150-ஐ அதே 0.02-ஆல் பெருக்கினால் 3 வோல்ட். சுமையில் பேட்டரியே 10.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். அதில் 3 வோல்ட் துருவில் தொலைந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது ஏழரை. அதை வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுழற்ற அதனால் முடியாது. மோட்டாரைப் புதிதாக மாற்றினாலும் துரு அங்கேயேதான் இருக்கிறது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயின் உட்புறம் உப்பு படிந்து சுருங்கிப்போன வீட்டில், குழாயை மூடியிருக்கும்வரை அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்தால்தான் நூலிழையாகச் சொட்டும். மின்சாரமும் அப்படித்தான். கரன்ட் ஓடாதபோது எந்தத் தடையிலும் வோல்ட் இறங்காது. அந்த நேரத்தில் எங்கே மீட்டர் வைத்தாலும் 12.6 காட்டும்.

மல்டிமீட்டரை ஓம் பகுதியில் வைத்து அளந்தால் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. சாதாரண மீட்டரின் இரு ஒயர்களுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை உண்டு. திரையில் தெரியும் கடைசி இலக்கமே 0.1 ஓம். இன்ஜினைச் சேஸிஸோடு இணைக்கும் எர்த் பட்டையில் இருபதில் எட்டு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், முழுப் பட்டையாக இருந்தாலும் மீட்டருக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் ‘பீப்’ என்று கத்தும். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளின் மின்கோளாறுகளைத் தேடும்போது மனத்தில் நிறுத்த வேண்டிய விதி இதுதான்: வேலை செய்யாதபோது சோதித்த எதையும் ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுமையை ஏற்றி, அது ஓடும்போதே கேட்க வேண்டும்.

கேட்கும் முறை எளிது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே அழுத்த வேண்டும். கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது, கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவேகூடக் குறை இருக்கலாம். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிச் சுத்தம் செய்த ஒரு போல்ட்டில் வைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் பாதை நன்று. 1 வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ திருட்டு நடக்கிறது. சிவப்பு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரி பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தைத் தாண்டும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அங்கேதான் குறை. பாசிட்டிவ் பக்கத்தையும் இப்படியே பார்க்கலாம். பேட்டரிக் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் கம்பம் வரை அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

மீட்டரே இல்லாமல் நடுக்காட்டில் நின்றாலும் வழி இருக்கிறது. நம் கணக்கில் வந்த அந்த 3 வோல்ட், 150 ஆம்பியரோடு சேரும்போது 450 வாட் வெப்பமாகிறது. சில நொடிகள் செல்ஃப் அடித்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான். ஹெட்லைட்டைப் போட்டபடியே செல்ஃப் அடிப்பது இன்னொரு சோதனை. லைட் செத்துப்போனால் குறை பேட்டரியிலோ, இரண்டுக்கும் பொதுவான கேபிளிலோ இருக்கிறது. லைட் அசையாமல் எரிய, ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃபுக்கென்று தனியாகப் போகும் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைத் தனியே சொல்ல வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் சேஸிஸுக்குப் போகும் வண்டிகளில் செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரன்ட்டும் திரும்பி வர இந்த ஒரு பின்னல் பட்டைதான் வழி. பாறையில் ஏறி இறங்கும்போது இன்ஜின் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது வளைகிறது. இழை இழையாக அறுகிறது. முழுதாக அறுந்த பிறகு கரன்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் என்று இன்ஜினையும் பாடியையும் தொடும் எந்த இரும்பையும் விடாது. செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளிலிருந்து புகை வந்தால் கேபிளைக் குறை சொல்லாமல் எர்த் பட்டையைப் போய்ப் பாருங்கள்.

தார்ச்சாலையில் ஓடும் காருக்கு இவ்வளவு வராதது ஏன்? அதிர்வுதான் முதல் காரணம். செம்பை அங்குமிங்கும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது இறுகி, பிறகு முறியும். ஒயர் அறுவது பெரும்பாலும் டெர்மினலை ஒட்டிய இடத்தில், பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் ரப்பர் போல நீளும். இன்னொன்று, இணைப்பான்களுக்குள் நடக்கும் நுண்ணிய உரசல். ஆணும் பெண்ணுமாகச் செருகியிருக்கும் முனைகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைந்தால்கூடப் போதும். மேல்பூச்சு தேய்ந்து, தேய்ந்த தூள் ஆக்ஸைடாகி, முனைகளுக்கு நடுவிலேயே மின்கடத்தாப் படலமாகப் படியும். கழற்றி மாட்டினால் சரியாகிவிடும், ஏனென்றால் செருகும்போது அந்தப் படலம் சுரண்டப்படுகிறது. சில வாரங்களில் திரும்பவும் வரும். “கழட்டி மாட்டினேன், சரியாயிடுச்சு” என்று மெக்கானிக் சொன்னால் அந்த இணைப்பானைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; குற்றவாளி கிடைத்தாயிற்று.

இனி தீப்பொறிக்கு வருவோம். பேட்டரியின் குறைந்த வோல்ட்டை எடுத்துப் பல்லாயிரம் வோல்ட் ஆக்கும் வித்தையைக் கார்களில் நம்பகமாக்கியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டனைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். அவருடைய ஏற்பாடு 1910-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டதுதான்: காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு அழுத்தம். காயிலின் முதல் சுற்றில் மூன்று, நான்கு ஆம்பியர் ஓடிக் காந்தப்புலம் ஏறுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் திறந்ததும் கரன்ட் நின்று, புலம் சரிகிறது. அந்தச் சரிவில் முதல் சுற்றில் ஏறத்தாழ 300 வோல்ட், அதைப்போல நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது இது விநாடிக்கு 100 முறை நடக்கிறது.

பாயின்ட்டோடு ஒட்டியிருக்கும் சின்ன கன்டன்சரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பாயின்ட் திறக்கும் கணத்தில் கரன்ட் நிற்க மறுத்து, இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயப் பார்க்கும். அப்படிப் பாய்ந்தால் புலம் மெதுவாகச் சரியும். மெதுவாகச் சரிந்தால் வோல்ட் ஏறாது. கன்டன்சர் அந்தக் கரன்ட்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டு சரிவை வேகமாக்குகிறது. அது கெட்டால் பாயின்ட் கருகும், பிளக்கில் பொறி மஞ்சளாக மெலியும். புதுப் பாயின்ட் மாட்டிச் சில நாளிலேயே கருகிவிட்டது என்றால் பாயின்ட்டின் தரத்தைத் திட்டுவதற்கு முன் கன்டன்சரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பொறி வருகிறதா என்று பார்க்க எல்லோரும் செய்வது, பிளக்கைக் கழற்றி இன்ஜினில் சாய்த்து வைத்துச் செல்ஃப் அடிப்பது. ‘டிக் டிக்’ என்று பொறி விழுந்ததும், “ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல்தான் வரல” என்று கார்பரேட்டரைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-இல் வெளியிட்ட விதி இங்கேதான் உதவுகிறது. ஒரு வாயுவைத் துளைத்துப் பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், இடைவெளியின் நீளத்தை மட்டுமல்ல, வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. திறந்தவெளிக் காற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பிளக் வெளியே சில ஆயிரம் வோல்ட்டிலேயே பொறி விடும். அதே பிளக்கை உள்ளே முறுக்கினால், பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் நெருக்கி வைத்திருக்கும் இடத்தில் பொறி பாய 10,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏற்றத்தில் ஏறும்போது சிலிண்டருக்குள் இன்னும் அதிகக் கலவை புகுகிறது, தேவை இன்னும் ஏறுகிறது. 6,000 வோல்ட் மட்டுமே தரும் நலிந்த காயில், வெளியே அழகாகப் பொறி காட்டிவிட்டு உள்ளே ஊமையாகிவிடும். சற்றே நலிந்த காயிலோ சமதரையில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் ‘மிஸ்’ அடிக்கும். ஆகவே பிளக்கை வைத்துச் சோதிக்காதீர்கள். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர் மலிவாகவே கிடைக்கிறது. திறந்தவெளியில் அந்த அகலத்தை நீல நிறத்தில் தாண்டும் பொறிதான் சிலிண்டருக்குள்ளும் செல்லும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், டெஸ்டரை அதற்கு அருகில் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தச் சோதனையின் பக்கமே வரக் கூடாது.

தண்ணீர் செய்வதும் இதே கணக்கில் அடங்கும். உயர் அழுத்தத்துக்கு எளிதான வழி ஒன்று கிடைத்தால் போதும், பிளக் பக்கம் போகாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் படிந்த ஈரப்படலமே அந்த வழியாகிவிடுகிறது. ஈரத்தின் மேல் பொறி ஓடி ஓடி, மூடியில் பென்சிலால் கீறியது போல ஒரு கரிக்கோடு விழும். ஈரம் காய்ந்தாலும் கரி மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். இருட்டில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், கசியும் ஒயர்களின் மேல் நீல ஒளி ஊர்வது கண்ணுக்கே தெரியும். இந்த ஈரத்தோடு ராணுவமும் மல்லுக்கட்டியது. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து தள்ளின. அவற்றில் இருந்தது 6 வோல்ட் மின்னமைப்பு. 1944-இல் நார்மண்டிக் கரையில் இறக்கிய வண்டிகளின் மின்பாகங்களைப் பசை போன்ற பூச்சால் மூடி அனுப்பினார்கள். போர் முடிந்து 1950-இல் வந்த எம்38 ஜீப்புக்கு, நீர் புகாதபடி மூடி முத்திரையிட்ட இக்னிஷனையும் 24 வோல்ட்டையும் கொடுத்தார்கள். 6-க்குப் பதில் 24 வோல்ட் என்றால் அதே வேலைக்குக் கரன்ட் நான்கில் ஒரு பங்கு. அதே துருவில் இழக்கும் வோல்ட்டும் நான்கில் ஒரு பங்கு.

இக்னிஷனைச் சுமையோடு சோதிப்பது என்றால் செல்ஃப் சுற்றும் நேரத்தையும் சேர்த்துத்தான். காயிலில் சேரும் ஆற்றல், கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. செல்ஃப் இழுப்பில் பேட்டரி 12-இலிருந்து 9 வோல்ட்டுக்கு இறங்கினால் காயிலின் கரன்ட் முக்கால் பங்காகும். ஆற்றலோ பாதியை ஒட்டி வந்துவிடும். அதாவது, பொறி அதிகம் தேவைப்படும் நொடியில்தான் அது பலவீனமாக இருக்கிறது. இதற்காகவே பழைய வண்டிகள் பலவற்றில், காயிலுக்கு முன் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டரை வைத்து, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு முழு வோல்ட்டும் போகும்படி செய்தார்கள். இது தெரிந்தால் இரண்டு அறிகுறிகள் புரியும். சாவியைத் திருப்பியிருக்கும்வரை இன்ஜின் பற்றி, சாவியை விட்டதும் நின்றால் ரெசிஸ்டர் போய்விட்டது. திருப்பியிருக்கும்வரை பற்றாமல், விடும் அந்த நொடியில் ஒருமுறை உதறினால் சுற்றுவழி ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது பேட்டரி அளவுக்குமீறி இறங்குகிறது. 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கும் பேட்டரியை நம்பி மலை ஏற வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது வெப்பக் கோளாறு. இரண்டு மணி நேரம் ஏறிய வண்டி நின்றுவிடும்; அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் செம்பின் தடை 0.39 சதவீதம் ஏறுகிறது. 30 டிகிரியில் 3 ஓம் காட்டிய காயில் 100 டிகிரியில் 3.8 காட்டும். அதோடு உள்ளே உள்ள காப்புப் பூச்சில் விரிசல் இருந்தால் சூட்டில் அது திறந்துகொள்ளும். பாயின்ட் இல்லாத வண்டிகளில் இக்னிஷனை இயக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூலும், இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரும் இப்படியே நடந்துகொள்ளும். ஆனால் இதே அறிகுறியைப் பெட்ரோலும் காட்டும். அதன் இலகுவான பகுதி 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும், உயரம் ஏற ஏற இன்னும் சீக்கிரம். குழாயில் ஆவி அடைத்தால் பம்ப்பு இழுக்காது. இரண்டையும் பிரித்தறிய ஒரே நேரம்தான் உண்டு: வண்டி நின்ற அந்த நிமிடம். டெஸ்டரைப் பையிலேயே வைத்திருந்து, டீ குடிக்கப் போகாமல், சூடு ஆறுமுன் பொறியைப் பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை பெரும்பாலும் இசியு என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் போய்விட்டது. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் சற்றும் எழாமல் பூஜ்யத்திலேயே படுத்திருந்தால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சாரின் மேல். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்கள் பெரும்பாலும் டீசல். அவற்றில் ஸ்பார்க்கே கிடையாது. எர்த், கேபிள், பேட்டரி பற்றிச் சொன்னது மட்டும் அவற்றுக்கு அப்படியே, இன்னும் கடுமையாகவே பொருந்தும். டீசல் இன்ஜினைச் சுற்ற இன்னும் அதிக ஆம்பியர் வேண்டும்.

ஒரு பழக்கத்தை நம் ஊர்களில் விட்டுவிட வேண்டும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிறார்கள். டைனமோ காலத்துக் கைப்பழக்கம் அது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியைச் சட்டென்று பிரித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் நொடிக்குள் பல மடங்கு எகிறி, அதன் டயோடையும் இசியுவையும் பலிவாங்கக் கூடும். மீட்டரை பேட்டரியில் வைத்தாலே போதும். இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். ஹெட்லைட்டையும் வைப்பரையும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே வரக் கூடாது. கூடுதல் லைட்டும் வின்ச்சும் மாட்டியவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். முழு இழுப்பில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை வாங்கும். எந்த ஆல்டர்னேட்டரும் அதற்கு ஈடுகொடுக்காது, பேட்டரிதான் கரையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அளவுகளை வண்டி நின்ற பிறகு முதல்முறையாக எடுக்காதீர்கள். நன்றாக ஓடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எத்தனை வோல்ட், எர்த் பாதையில் எத்தனை, பாசிட்டிவ் கேபிளில் எத்தனை, ஓடும்போது சார்ஜ் எத்தனை என்று நான்கு எண்களையும் அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதி டூல் பாக்ஸின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். 0.2 ஆக இருந்த எர்த் 0.5 ஆகியிருந்தால், அதைச் சுத்தம் செய்து முறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.